கோடு 24, மருந்து 9.6: ஒரு வீட்டு இன்சுலின் குழப்பம், நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது 2022ல மே கடைசிக்கும் ஓகஸ்டுக்கும் இடையில கொழும்பு வெள்ளவத்தையில ஒரு வீட்டில நடந்தது. ஆக்கள் ஆர் எண்டு பிடிபடாம இருக்க சில விஷயத்தை விட்டிருக்கிறன், திகதியும் நம்பரும் அந்த வீட்டில சீனி எழுதி வச்ச கொப்பியப் பாத்து எடுத்தது. நான் அந்தப் பக்கத்தில ஒரு பாமசியில வேலை செய்யிறன், படிச்சது உயிர்த்தொழில்நுட்பம், கிடைச்சது கவுண்டர் வேலை, அது வேற கதை. இந்தச் சம்பவத்தில ஒரு இடத்தில நானும் வாறன், நல்ல பக்கமா வரேல்ல.

அந்த வீட்டு அம்மாவுக்கு அப்ப 67 வயசு. சீனி வருத்தம் வந்து 15 வருஷம், இன்சுலின் தொடங்கி ஏழு வருஷம். கிளினிக்கில குடுக்கிற 30/70 கலவை இன்சுலின் (30 பங்கு கெதியா வேலை செய்யிறது, 70 பங்கு மெதுவா), காலமை 24 யூனிட், இரவு 14 யூனிட், சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முந்தி. ஊசி அவவே போடுவா, கண் கொஞ்சம் மங்கல் எண்டபடியா சில நாள் மருமகள் இழுத்துக் குடுப்பா. வெறும் வயித்துச் சீனி 120க்கும் 145க்கும் இடையில நிண்டது. கிளினிக் கொப்பிக்கு பிரவுண் பேப்பர் உறை போட்டு வச்சிருக்கிற ஆள், அவ்வளவு ஒழுங்கு.

மே கடைசியில போன கிளினிக்கில இன்சுலின் இல்ல, வெளியில வாங்கச் சொல்லி துண்டு குடுத்து விட்டினம். பொருளாதார நெருக்கடிக்குள்ள அந்த நாள் எப்பிடி இருந்தது எண்டு கொழும்பில இருந்தவைக்கு நான் சொல்லத் தேவையில்ல, பெற்றோலுக்கு கியூ, காஸுக்கு கியூ, மருந்துக்கு கடை கடையா அலைச்சல். எங்கட கடைக்கும் கிழமைக்கு சில போத்தல்தான் வரும், வந்த அண்டைக்கே முடிஞ்சிடும். மகன் நாலு கடை ஏறி இறங்கிப்போட்டு சென்னையில இருக்கிற மச்சானுக்கு கோல் எடுத்தார், மச்சான் வரேக்க நாலு போத்தல் வாங்கி பிளாஸ்குக்குள்ள வச்சு பத்திரமா கொண்டு வந்து குடுத்தார். அதே 30/70, அதே பால் மாதிரி வெள்ளை, அதே 10 மில்லி போத்தல். கஷ்ட நேரத்தில சொந்தக்காரன் செய்த உதவி, அதில பிழை சொல்ல ஒண்டும் இல்ல.

போத்தலுக்குள்ள இருக்கிறது

இதை இடையில சொல்லவேணும், இல்லாட்டி பிறகு வாற கணக்கு விளங்காது.

அம்மா சைவம். ஏழு வருஷத்துக்கு முந்தி இன்சுலின் தொடங்கேக்க பக்கத்து வீட்டில ஆரோ "உது பண்டியில இருந்து எடுக்கிறதாம்" எண்டு சொல்லி மனுசி ரெண்டு நாள் ஊசி போடாம இருந்திருக்கிறா. அந்தக் கதை ஒரு காலத்தில உண்மை. 1921ல ரொறன்ரோவில பாண்டிங்கும் பெஸ்டும் கணையத்தில இருந்து இன்சுலினைப் பிரிச்சு, 1922 ஜனவரியில 14 வயசுப் பொடியன் ஒருத்தனுக்கு முதல் முதலாப் போட்ட பிறகு, கிட்டத்தட்ட 60 வருஷம் உலகம் முழுக்க பண்டியின்ர, மாட்டின்ர கணையத்தில இருந்து எடுத்ததைத்தான் போட்டது. 1978ல கலிபோர்னியாவில ஜெனென்டெக் ஆக்கள் மனுசன்ர இன்சுலினுக்கான மரபணுவைச் செய்து ஈ.கோலி பக்டீரியாவுக்குள்ள வச்சு அதைக் கொண்டே இன்சுலின் செய்விச்சினம், 1982ல அமெரிக்காவில விக்க அனுமதி கிடைச்சது, மரபணுவை ஒட்டிச் செய்த மருந்துகளில கடைக்கு வந்த முதலாவது அதுதான். இப்ப பெரிய தாங்கிக்குள்ள பக்டீரியாவோ, பாணைப் பொங்க வைக்கிற அதே ஈஸ்ட்டோ வளர்ந்து இதைச் செய்து தருது. இப்பிடி நான் விளங்கப்படுத்தின பிறகு "ஈஸ்ட் எண்டாப் பறவாயில்ல தம்பி" எண்டு அம்மா ஊசி போடத் தொடங்கினா. 30/70ல அந்த 70 பங்கு மெதுவா வேலை செய்யிறதுக்காக புரோட்டமின் எண்டு ஒண்டு சேர்க்கிறது, அது வழமையா மீனில இருந்து எடுக்கிறது, அதை நான் அவவுக்குச் சொல்லேல்ல. சொல்லியிருக்கோணுமோ எண்டு இப்பவும் யோசிக்கிறனான்.

மற்ற விஷயம் யூனிட். தொடக்க காலத்தில கணையச் சாறு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பலத்தில வந்தபடியா மில்லிகிராமில அளக்கேலாம, முயலுக்குப் போட்டா சீனி எவ்வளவு இறங்குது எண்டு பாத்துத்தான் ஒரு யூனிட்டைத் தீர்மானிச்சவை. அந்தப் பழக்கம் அப்பிடியே நிண்டிட்டுது. யூனிட் எண்டது மருந்தின்ர பலம், மில்லி எண்டது தண்ணியின்ர அளவு. ஒரு மில்லிக்குள்ள எத்தினை யூனிட் கரைச்சு வச்சிருக்கு எண்டது போத்தலுக்குப் போத்தல் வித்தியாசப்படலாம், 40 இருந்தது, 80 இருந்தது, பிறகு கன நாடு 100க்கு மாறினது. இந்தியாவில போத்தல் இன்சுலின் இப்பவும் கூடுதலா 40ல விக்குது, அங்க அதுக்கெண்டு சிவப்பு மூடி சிரிஞ்ச் இருக்கு. அம்மா இஞ்ச கிளினிக்கில எடுத்தது 100, வீட்டில இருந்த சிரிஞ்ச் செம்மஞ்சள் மூடி, அதுவும் 100க்கு உரியது. சிரிஞ்சில இருக்கிற கோட்டுக்கு போத்தலுக்குள்ள என்ன இருக்கெண்டு தெரியாது, 100 போத்தலில இழுத்தா மட்டும்தான் 24ஆம் கோடு 24 யூனிட்.

யூன்: சீனி ஏறத் தொடங்கினது

யூன் 4 காலமை சென்னைப் போத்தலைத் திறந்தது. 24ஆம் கோடு வரைக்கும் இழுத்துப் போட்டவ, ஏழு வருஷமாச் செய்யிற மாதிரி.

யூன் 9ல வெறும் வயித்தில 198. 14ல 246. 18ல 271. இரவில நாலு தரம் ஒண்டுக்குப் போறா, தண்ணி விடாய், கால் உளைவு. வீட்டில உடன குற்றவாளியப் பிடிச்சிட்டினம், கறுத்தக்கொழும்பான். யாழ்ப்பாணத்தில இருந்து ஆரோ ஒரு பெட்டி மாம்பழம் குடுத்து விட்டிருந்தினம், அம்மா ரெண்டு துண்டுக்கு மேல தொடேல்ல எண்டு சத்தியம் பண்ணுறா, மகன் நம்பேல்ல, மிச்சம் முழுக்க பக்கத்து வீட்டுக்குப் போயிட்டுது. மாம்பழம் போன பிறகும் சீனி இறங்கேல்ல.

ரெண்டாவதா சந்தேகப்பட்டது பிரிஜ்ஜை. இது மடத்தனமான சந்தேகம் இல்ல. திறக்காத இன்சுலின் 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையில இருக்கவேணும், உறைஞ்சாப் பிழை, சூட்டில கிடந்தாலும் பிழை, மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் போன ஊரில யூனிலயும் ஒவ்வொரு நாளும் கட் இருந்தது. பிளாஸ்குக்குள்ள ஐஸோட வந்த போத்தல், வழியில உறைஞ்சிருக்கவும் கூடும். யூன் 18ல திறந்த போத்தலை அரைவாசியோட எறிஞ்சிட்டு ரெண்டாவதைத் திறந்தவை. போத்தல் இருந்த பெட்டியும் அதோட குப்பைக்குப் போச்சு. 24ஆம் திகதி பாக்க 268.

இப்ப திரும்பிப் பாக்கேக்க எனக்கு கூடக் கவலை தாறது இந்த இடம். பழுதாப் போன மருந்தெண்டு நினைச்ச வீடு, போத்தல் மாத்தியும் சீனி இறங்கேல்ல எண்டா, மருந்து பழுதில்ல, வேற ஏதோ எண்டு யோசிச்சிருக்கோணும். அவை யோசிச்சது "நாலும் ஒரே பிளாஸ்கில வந்தது, நாலும் பழுது" எண்டு. அதுவும் நியாயமாத்தான் கேக்குது, அதுதான் பிரச்சினை.

யூன் கடைசி, யூலை: டோஸ் ஏத்தினது

பெற்றோல் இல்ல, கிளினிக்குக்குப் போக ஓட்டோ கேட்ட காசு அவையால குடுக்கேலாது. யூன் 25ல ஒழுங்கைக்குள்ள இருக்கிற ஒரு டொக்டரோட போனில கதைச்சினம். சீனி நம்பரை வாசிச்சுக் காட்டினவை, அவர் காலமை 30, இரவு 18 ஆக்கச் சொன்னார். ரெண்டு கிழமையில திரும்ப எடுங்கோ எண்டவர். யூலை 5ல 251. யூலை 9 கொழும்பு என்னவாக் கிடந்தது எண்டு தெரியும்தானே, ஜனாதிபதிக்கு எதிரா காலி முகத்திடல் பக்கம் சனம் திரண்ட நாள், அந்தக் கிழமை ஒருத்தரும் வெளிக்கிடேல்ல. 11ஆம் திகதி நேர போய்க் காட்டினவை, துண்டில 36, 22 எண்டு எழுதிக் குடுத்தார். கொப்பியைப் பாத்தார், காலைப் பாத்தார், போத்தலை ஒருத்தரும் கொண்டு போகேல்ல, அவரும் கேக்கேல்ல. போனில 268 எண்டு சொன்னா ஆராயிருந்தாலும் ஏத்தத்தான் சொல்லுவினம், அந்த மனுசனில பழி போட எனக்கு விருப்பமில்ல.

யூலை 20ல 228. கொஞ்சம் இறங்குது, காணாது.

யூலை 23: எங்கட கவுண்டரில

மகன் அண்டைக்குப் பின்னேரம் வந்தார். எங்களுக்கு முதல் நாள்தான் பத்துப் போத்தல் வந்திருந்தது. "தம்பி, இந்தியச் சாமான் சரியில்லப் போல, நல்லதா ஒண்டு தாரும்" எண்டு துண்டை நீட்டினார். துண்டில 36, 22 எண்டு கிடந்தது. இதே அம்மாவுக்கு 24, 14 எண்டு எனக்கு நல்லாத் தெரியும், எத்தினை தரம் சிரிஞ்ச் வித்திருக்கிறன். ஏன் கூட்டினது எண்டு கேக்க வாய் வந்தது. பின்னால எட்டுப் பத்துப் பேர் லைன், ஒருத்தர் குழந்தைக்கு பனடோல் சிரப் இருக்கோ எண்டு கத்துறார். "இந்தியச் சாமான்" எண்டு அவர் சொன்ன அந்தச் சொல்லையாவது பிடிச்சிருக்கலாம், 40ம் 100ம் நான் படிச்ச விஷயம், சோதினையில எழுதின விஷயம். போத்தலை ஐஸ் பக்கோட குடுத்து விட்டன்.

அந்த வீட்டில ஒரே பிரச்சினைக்கு ரெண்டு வைத்தியம் நடந்து கொண்டிருந்தது, ஒண்டு டோஸை ஏத்திறது, மற்றது மருந்தை மாத்திறது. டோஸை ஏத்தின டொக்டருக்கு மருந்து மாறப்போகுது எண்டு தெரியாது, மருந்தை வித்த நான் டோஸ் ஏன் ஏறினது எண்டு கேக்கேல்ல.

யூலை 24 காலமையில இருந்து 25 விடிய வரை

24 காலமை புதுப் போத்தலில 36. பதினொரு மணிக்கு கை நடுங்குது, ஒரு மாதிரி இருக்கு எண்டு அம்மா சொன்னா, பசியாக்கும் எண்டு ரெண்டு மாரி பிஸ்கட் குடுத்தினம், சரியாப் போச்சு. சீனி பாக்கேல்ல, ஸ்ட்ரிப் விக்கிற விலைக்கு ஒரு நாளைக்கு ஒண்டு எண்டு கட்டுப்படுத்தி வச்சிருந்த காலம், அண்டைய ஸ்ட்ரிப் காலமையே முடிஞ்சுது. அந்தக் காலமை ரீடிங் 219.

இரவு ஏழரைக்கு 22. காஸ் முடிஞ்சு போயிருந்தபடியா சாப்பாடு பாணும் சம்பலும், அம்மா ரெண்டு துண்டோட எழும்பீட்டா.

விடிய ரெண்டரைக்கு மருமகள் தண்ணி குடிக்க எழும்பேக்க அம்மா ஏதோ புறுபுறுக்கிறது கேட்டுப் போய்ப் பாத்தவ. அண்டைக்கு கரண்ட் இருந்தது, ஃபேன் நல்லாச் சுத்துது, அப்பிடியிருக்க நைட்டி முழுக்க நனைஞ்சு கிடந்திருக்கு. கட் நேரமா இருந்தா வெக்கை எண்டு நினைச்சு விட்டிருப்பன் எண்டு அந்த அக்கா பிறகு எனக்குச் சொன்னவ. பேர் கேட்டா தன்ர தங்கச்சியின்ர பேரைச் சொல்லுறா. சீனி 39.

விழுங்கக்கூடிய நிலைமை இருந்தபடியா மூண்டு கரண்டி சீனி போட்டுக் கரைச்சுக் குடுத்தினம். இருபது நிமிஷத்தில 66, ஆளும் தெளிஞ்சு கதைச்சா. எல்லாரும் படுத்திட்டினம், இதுதான் அந்த இரவின்ர ரெண்டாவது பிழை. கலவையின்ர 70 பங்கு மெதுவா வேலை செய்யிறது, போட்டு நாலு மணித்தியாலத்துக்குப் பிறகுதான் அதின்ர உச்சம், அது மணித்தியாலக் கணக்கா நிக்கும், குடிச்ச சீனித் தண்ணி அதுக்கு முதல் முடிஞ்சிடும். நாலே காலுக்கு மருமகளுக்கு மனம் கேக்காம திரும்பப் பாக்க 48, சொல்லு குழறுது, இந்த முறை விழுங்கவும் கஷ்டப்படுறா. வாயில ஒண்டும் ஊத்தாம 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு கோல் எடுத்தினம். அம்புலன்ஸ் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது, சேலைனோட குளுக்கோஸ் ஏத்தி ரெண்டு நாள் வாட்டில வச்சிருந்தினம்.

வாட்டில கண்டுபிடிச்சது

கண்டுபிடிச்சது நான் இல்ல, வாட்டில நிண்ட ஒரு இளம் டொக்டர் பிள்ளை. வீட்டில இருக்கிற இன்சுலின், சிரிஞ்ச் எல்லாத்தையும் அப்பிடியே பையில போட்டுக் கொண்டு வாங்கோ எண்டு மகனுக்குச் சொல்லியிருக்கிறா. திறந்த சென்னைப் போத்தல் ஒண்டு, திறக்காதது ஒண்டு, எங்கட கடைப் போத்தல், சிரிஞ்ச் பக்கற். ரெண்டு போத்தலையும் பக்கத்தில வச்சுப் பாத்தவ, ஒண்டில 40, மற்றதில 100, அரை நிமிஷம்கூட ஆகேல்ல எண்டார் மகன்.

அதே நாள் அவர் ரெண்டு போத்தலோடயும் கடைக்கு வந்தார். நான் பில்லின்ர பின்பக்கத்தில கணக்குப் போட்டுக் காட்டினன். 24ஆம் கோடு எண்டா 0.24 மில்லி, சென்னைப் போத்தலில அதுக்குள்ள இருக்கிறது 9.6 யூனிட். 14ஆம் கோட்டுக்கு 5.6. ஒரு நாளைக்கு 38 யூனிட் தேவைப்பட்ட அம்மாவுக்கு யூனில கிடைச்சது 15.2. டோஸை 36, 22 எண்டு ஏத்தின பிறகும் உண்மையில கிடைச்சது 23.2, பழைய அளவைக்கூட எட்டேல்ல. எங்கட போத்தலுக்கு மாறின அண்டைக்கு ஒரே நாளில 23.2 எண்டது 58 ஆப் போச்சு, ரெண்டரை மடங்கு. மகன் அந்தப் பில்லைப் பாத்துக்கொண்டு கன நேரம் ஒண்டும் கதைக்கேல்ல. பிறகு "அப்ப மாம்பழத்துக்கு ஏசினது சும்மா" எண்டார்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

வாட்டில பழைய 24, 14க்கு உடன போகேல்ல. 18, 10ல தொடங்கி வெறும் வயித்திலயும் இரவு படுக்க முந்தியும் பாக்கச் சொல்லி விட்டினம். ஒருக்கா இவ்வளவு கீழ போன வயசான ஆளுக்கு கொஞ்ச நாள் சீனி 180ல நிண்டாலும் பறவாயில்ல, திரும்ப 40க்குப் போகக்கூடாது எண்டதுதான் யோசனை.

வாதப்பட்டது மற்றதில, மிச்சமிருந்த திறக்காத சென்னைப் போத்தலில. அண்டைய நிலைமையில ஒரு போத்தல் இன்சுலினை எறியிறது எண்டா பாவம் மாதிரி. மகன் கணக்கில கெட்டிக்காரன், "தம்பி, 24 யூனிட்டுக்கு இதில 60ஆம் கோடு வரை இழுத்தாச் சரிதானே" எண்டார். கணக்கு சரி. 0.6 மில்லி, 40ஆல பெருக்கினா 24. நானும் ஒரு நிமிஷம் ஓம் எண்டு சொல்லப் பாத்தன். எங்கட பாமசிஸ்ட் மிஸ்தான் மறிச்சவ. அவ கேட்டது இவ்வளவுதான், அந்த வீட்டில ஊசி இழுக்கிறது ஆர்? அம்மாவும் இழுப்பா, மருமகளும் இழுப்பா, மகன் இழுக்கிறதே இல்ல. ரெண்டு போத்தல், ரெண்டு விதமான கோடு, ஒரு கண் மங்கின ஆள். ஒரு நாள் 100 போத்தலில 60ஆம் கோடு வரைக்கும் இழுத்தா என்ன நடக்கும் எண்டு கேட்டா, மகன் போத்தலை மேசையில வச்சிட்டார். 40க்குரிய சிவப்பு மூடி சிரிஞ்ச் கையில இருந்திருந்தா கதை வேற, எங்களிட்ட இல்ல. போத்தல் எங்கட கடையில காலாவதியான சாமானோட அழிக்கப் போச்சு. அண்டைக்கு ரெண்டு பேர் இன்சுலின் கேட்டு வந்து இல்லையெண்டு திரும்பிப் போனவை, எனக்கு அது இன்னும் உறுத்துது, எண்டாலும் முடிவு சரி.

பிறகு நடந்தது

ஓகஸ்ட் நடுவில கிளினிக்கில 24, 14க்குத் திரும்பினது. செப்டெம்பரில வெறும் வயித்தில 130 சொச்சம். வாட்டில எடுத்த எச்பிஏ1சி (ரெண்டு மூண்டு மாசச் சீனியின்ர சராசரியைக் காட்டுற இரத்தச் சோதினை) 9.8, நவம்பரில 7.6. கால் உளைவு குறைஞ்சுது. இரவில சீனி விழும் எண்ட பயம் மட்டும் அம்மாவுக்குப் போகேல்ல, கன நாளா படுக்க முந்தி தேவையில்லாம பிஸ்கட் சாப்பிட்டுக் கொண்டிருந்தவ, அதை நிப்பாட்ட கிளினிக் மிஸ்ஸுக்கு மூண்டு தரம் கதைக்க வேண்டி வந்தது.

இப்ப மாத்திச் செய்யிறது

கவுண்டரில இன்சுலின் கேட்டு ஆர் வந்தாலும், எவ்வளவு லைன் நிண்டாலும், "இப்ப பாவிக்கிற போத்தலைக் காட்டுங்கோ, இல்லாட்டிப் போனில படம் எடுத்துக் காட்டுங்கோ" எண்டு கேக்கிறம். துண்டில டோஸ் கூடியிருந்தா ஏன் கூட்டினது எண்டு கேக்கிறம். விக்கிற பெட்டியில மார்க்கரால பெரிசா 100 எண்டு எழுதி, கூடக் குடுக்கிற சிரிஞ்ச் பக்கற்றிலயும் அதையே எழுதுறம். பேனாவில போடுற கார்ட்ரிஜ் வழமையா இந்தியாவிலயும் 100தான், அதனால பேனா பாவிக்கிறவைக்கு இந்தக் குழப்பம் குறைவு, போத்தலும் சிரிஞ்சும் பாவிக்கிறவையைத்தான் கூடக் கேக்கிறது. சீனி ஏறினா மருந்து பழுது எண்டு எறிய வாறவைக்கு, எறியாமக் கொண்டு வாங்கோ, பெட்டியையும் கொண்டு வாங்கோ எண்டு சொல்லுறம். யூன் 18ல அந்தப் பெட்டி குப்பைக்குப் போகாம எங்களிட்ட வந்திருந்தா அண்டைக்கே முடிஞ்சிருக்கும்.

இதுக்குப் பிறகு எங்கட கடையிலேயே இன்னும் ரெண்டு பேர் 40 போத்தலோட 100 சிரிஞ்ச் பாவிச்சதைக் கண்டம். ஒருத்தர் உடன விளங்கி டொக்டரிட்டப் போனார். மற்றவர் ஒரு ஐயா, மூண்டு மாசமா இப்பிடித்தான் போடுறன், எனக்கு ஒண்டும் செய்யேல்ல, நீர் சின்னப் பொடியன் எண்டு ஏசிப்போட்டுப் போனவர். அவற்ற மகளின்ர நம்பர் சிரிஞ்ச் பில்லில இருந்தது, மிஸ் அண்டைக்குப் பின்னேரமே எடுத்துக் கதைச்சவ.